ஸ்தோத்திரம் சொல்லாத சாட்சி

"அப்பா, இன்னும் எவ்ளோ பணக்காரங்க ஆனா நம்மள விட்ருவாங்க?"

டாக்டர் லூசியஸ் டாலிவரின் ஏழு வயது மகள் நயோமி இப்படிக் கேட்டாளாம். அட்லாண்டாவுக்கு வெளியே தான் வாங்கிய பெரிய வீட்டின் முன்னால், ஒரு காலையில் பழைய சட்டையோடு அவர் ரோஜாச் செடிகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். எவனோ ஒரு கறுப்பன் ஆயுதத்தோடு நிற்கிறான் என்று எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பெண் போலீசைக் கூப்பிட்டாள். சொந்தப் புல்தரையில் அவரை மண்டியிட வைத்து விலங்கு மாட்டினார்கள். பிள்ளை சன்னலிலிருந்து பார்த்தாள்.

இதை அவர் எங்கள் கறுப்பர் சபையில், ஞாயிறு ஆராதனையில் சாட்சியாகச் சொன்னார். எங்களிடம் சாட்சி எத்தனை துயரமானாலும், "ஆனாலும் கர்த்தர் என்னைத் தூக்கிவிட்டார்" என்று ஸ்தோத்திரத்தில்தான் முடிய வேண்டும். அவர் மகளின் கேள்வியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் ஆமென் வரவில்லை. ஆராதனை நேரலையில் போய்க்கொண்டிருந்ததை அவர் மறந்திருந்தார்.

சாயங்காலத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. "நீச்சல்குளத்துல உக்காந்து அழு ராசா" என்று ஒருவன் எழுதினான். "அந்த வீட்டை எனக்குக் குடு, தினமும் விலங்கு மாட்டிக்கிறேன்" என்றான் இன்னொருவன்.

முகம் தெரியாதவர்கள் எழுதியதையாவது பொறுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் சபைச் சமையலறையில் கோழி பொரித்துக்கொண்டே எங்கள் ஆட்கள் பேசியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"என் தங்கச்சி மகனோட பல்லைப் போலீஸ்காரன் உடைச்சான். அவனுக்கு எவன் அழுதான்? இவருக்கு முட்டில புல்லுக்கறை பட்டுச்சாம்!" என்றாள் எர்லீன்.

"வெள்ளைக்காரங்க நடுவுல போய் வீடு வாங்கினாருல்ல, நல்லா வேணும்" என்றார் டீக்கன் கிளியோத்தா.

"பணக்காரன் கைன்னா விலங்கு உறுத்தாதா பிரதர்?" என்றேன்.

"சிஸ்டர் வெர்டெல் வக்கீலுக்குப் படிக்கிறாங்கடி!" என்றாள் எர்லீன். எல்லோரும் சிரித்தார்கள். நான் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

டாக்டர் அதன் பிறகு சபைக்கு வரவில்லை. அவர் மனைவி போனில் அழுதாள்.

"தோட்டத்துல காலே வைக்கிறதில்ல சிஸ்டர். வேற யாரையும் தொட விடாத செடிங்க, வெயில்ல கருகுது. நயோமி வாசலுக்கே வர மாட்டேங்குறா. வீட்டை வித்துட்டுப் போயிரலாம்ங்கிறாரு."

அந்த ஞாயிறு அவர்கள் மேக்கன் ஊரில் அவருடைய அம்மாவைப் பார்க்கப் போயிருந்தார்கள். நான் ஆராதனையை விட்டுவிட்டு, என் கத்தரிக்கோலோடு அந்த வீட்டுக்குப் போனேன்.

காய்ந்த கிளைகளை வெட்டும்போது எதிர்வீட்டுப் பெண் நாயோடு வந்தாள். கத்தரிக்கோலைப் பார்த்தாள். புன்னகைத்தாள்.

"ரொம்ப அழகா பண்றீங்க! எங்க வீட்டுக்கும் வர்றீங்களா?"

கூலிக்கு வந்த கறுப்புக் கை என்றால் அவளுக்குப் பயமில்லை.

"இல்லம்மா" என்றேன். அவள் போய்விட்டாள்.

முன்பு என் கணவர் ஆஸ்பத்திரியில் வலியால் துடித்தபோது, போதை மாத்திரைக்காக நடிக்கிறார் என்றார்கள் மற்ற டாக்டர்கள். டாலிவர் மட்டும் வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கட்டிலருகே உட்கார்ந்து, "உங்க வலிய நான் நம்புறேன் சார்" என்றார்.

தெரு காலியாக இருந்தது. வெட்டிய காம்புகளுக்குள் இன்னும் பச்சை இருந்தது. ஒவ்வொரு வேருக்கும் நிதானமாகத் தண்ணீர் விட்டேன். குழாயைச் சுருட்டி வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.