மூன்றாவது ராஜா

கம்போங் ராஜா என்ற குளிரான மலையூரில், மேவிஸ் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளில் மூன்று ராஜாக்களில் ஒருவரைக் காணவில்லை. மற்றொருவரை வைத்து அச்சு எடுத்து, ரெசினில் புதியவரை வார்த்துவிடலாம் என்று கிளம்பினார் கணவர் கொர்னேலியஸ்.

ராஜாவைப் பாதிவரை களிமண்ணில் புதைத்து, மேலே சிலிக்கோன் ஊற்றினார்கள். இறுகியதும் திருப்பிப்போட்டுக் களிமண்ணை எடுத்தாயிற்று. இனி மறுபாதி. அதை ஊற்றுமுன் முதல் பாதியின்மேல் வாஸலின் தடவாவிட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒரு வேலைதான் கொர்னேலியஸுக்கு.

மறுநாள் காலையில் பார்த்தால் ஒரே கட்டி. உள்ளே ராஜா.

"வாஸலின் போட்டீங்களா இல்லையா?"

"போட்டேன் லா."

அவர் உதடு பளபளவென்று மின்னியது.

"உங்களுக்கா போடச் சொன்னேன்?"

"குளிரு மேவிஸ். உதடெல்லாம் வெடிச்சிருச்சு."

கத்தத்தான் மேவிஸ் வாயைத் திறந்தாள், சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே கத்தியால் கட்டியை இரண்டாகக் கீறினாள். கை குலுங்கியதில் வெட்டு கோணல்மாணலாகப் போனது. அந்தக் கோணல்தான் கைகொடுத்தது. ராஜாவை எடுத்துவிட்டு மூடியபோது மேடும் பள்ளமும் கச்சிதமாகப் பூட்டிக்கொண்டன.

மாலையில் ரெசின் ராஜா பிறந்தார். காற்றுக்குமிழால் மூக்கில் ஒரு குழி. மற்றபடி பக்கத்து ராஜாவின் இரட்டைப்பிள்ளை.

"ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. வர்றவங்க கேட்டா என்ன சொல்றது?"

கொர்னேலியஸ் புது ராஜாவின் உதட்டிலும் கொஞ்சம் வாஸலின் தடவினார்.

"அவரு ஒட்டகத்துல வந்தவரு. இவரு உள்ளூர் லா. கம்போங் ராஜா!"