கஞ்சிக் கொப்பரை

மழைக்கு முன்பே மருத்துவச்சி அலிமா பீவியும் நாற்று நடும் கோமுவும் பேசி வைத்திருந்தார்கள். வெள்ளம் வடிந்து வாந்திபேதி வந்தால், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் கொப்பரை கோமுவின் கீழத்தெருவுக்கு வரும். அதில் குடிதண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். விறகு கீழத்தெருவின் பொறுப்பு.

அப்படியே நடந்தது. கோமு அடுப்பெரித்தாள். அவள் புருசன் ஐயம்பெருமாள் ஆறிய தண்ணீரை வீடு வீடாகச் சுமந்தான். ஆனாலும் நோய் நிற்கவில்லை. கோமுவின் தங்கை நீலாம்பாளும் படுத்துவிட்டாள். கொப்பரையைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று தெருவில் பேச்சுக் கிளம்பியது.

தங்கைக்குத் தண்ணீர்ப் பானை எடுத்துப் போன புருசனின் பின்னாலேயே கோமுவும் போனாள். அவன் ஆற்றில் இறங்கி, ஒரு செம்பு தண்ணீர் மொண்டு பானையில் விட்டான்.

"என்ன காரியம் செய்யுதீரு?"

"வெந்நி சப்புன்னு இருக்குன்னு எல்லாரும் மூஞ்சியச் சுளிக்காவ. நம்ம ஆத்துத் தண்ணி கொஞ்சம் விட்டாத்தான் எறங்குது."

"செத்த மாடு மெதந்து போன தண்ணியாக்கும் அது." கோமு பானையைக் கவிழ்த்தாள்.

ஐயம்பெருமாளின் முகம் செத்துப்போனது. "நாந்தானா எல்லாருக்கும் சீக்கக் குடுத்தேன்?"

கேள்விப்பட்ட அலிமா பீவி அவனைத் திட்டவில்லை. "ருசியா இருக்கட்டும்னுதான குடுத்தாரு, பாவம்" என்றபடி கொப்பரையில் நொய்யும் உப்பும் சீரகமும் போட்டாள்.

இம்முறை கோமு பானைவாயைப் பொத்தியபடியே கூட நடந்தாள்.

"இன்னும் என்னைய நம்பலியா?"

"உம்ம நம்புதேன். செம்ப இங்கன தாரும்."

நீலாம்பாள் இரண்டு மடக்குக் குடித்துவிட்டுக் கண் திறந்தாள்.

"நல்லாருக்கு அத்தான். இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."