சுமலதா வீட்டுப் பூ ஜாடிகள்

1

இது கதையாக வந்திருக்கவே கூடாது. ‘கைவண்ணத்தில் ஓர் இல்லம்’ என்று ஒரு பெண்கள் பத்திரிகை குறிப்புதான் கேட்டது. படம் போட்டு, பக்கத்தில் நாலு வரி. அதற்காகப் புதுச்சேரி கதிர்காமத்தில் சுமலதா வீட்டுக்குப் போனேன். போய் மாட்டிக்கொண்டேன், என் தலையெழுத்து.

2

முதல் வரி: ‘வண்ணங்கள் பேசும் வீடு அது.’ (சீ! எந்த வண்ணம் என்றைக்குப் பேசியது?)

அடுத்தது: ‘காலி பிராந்தி பாட்டில்களில் இத்தனை மல்லிகையா* என்று வியந்து’ (வியந்தது உண்மை. அதற்குமேல் ஓடவில்லை.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். அலமாரி, ஜன்னல், டிவி மேல் என்று எங்கும் பாட்டில்கள். சணல் சுற்றியவை, பூவும் மயிலும் வரைந்தவை, உள்ளே சின்ன பல்பு எரிபவை. கூடத்துச் சுவர் முழுக்க வீராம்பட்டினம் தேர், பாதி வரைந்தபடி நிற்கிறது.

* மல்லிகை இல்லையாம், நித்தியமல்லியாம். சுமலதா திருத்தினாள்.

3

இந்த கோபிநாத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். சுமலதாவின் புருஷன். நான் பாட்டில்களைப் புகழ்ந்துகொண்டிருந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார்.

“எல்லாம் நம்ம சப்ளைதான் மேடம்! பாட்டிலு இல்லன்னா இவ கைவேல ஏது?”

சிரித்து வைத்தேன், வேறென்ன செய்ய? அவர் அந்தப் பக்கம் போனதும் சுமலதா குரலைத் தாழ்த்தினாள்.

“அவரு குடிச்சிட்டுப் போட்ட பாட்டில பாக்க சகிக்காமதான் மொதல்ல பூ வரைஞ்சேன்க்கா. இப்ப அதையே சாக்கு சொல்லி வாங்கியாறாரு. ஈரல் போயிடுச்சி, இனிமே தொட்டா உயிர் தங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் பாட்டில உட்டுட்டு செவுத்துக்கு மாறிட்டேன். வர்றவங்க இன்னாடான்னா பாட்டிலத்தான் சூப்பருன்றாங்க. இவரு ஒடனே கடைக்குக் கெளம்பிடறாரு.”

நானும்தான் சொல்லித் தொலைத்திருந்தேன்.

4

எழுதிப் பார்த்த முடிவுகள்.

(அ) கோபிநாத் குடியை விட்டார். இதை சுமலதாவுக்கே போனில் படித்துக் காட்டினேன்.

“அத எழுதாதீங்கக்கா. அத நான் தெனம் நெனச்சிப் பாத்துனுதான் இருக்கேன்.”

(ஆ) சுமலதா எல்லாப் பாட்டில்களையும் போட்டு உடைத்தாள்.

“கண்ணாடிய யாரு பெருக்கறது, நீங்களா வருவீங்க?”

(இ) ஒருநாள் காலையில் கோபிநாத் — மாட்டேன். இதற்கு என் கை வராது.

பத்திரிகை ஆசிரியையோ விடாமல் போன் செய்கிறார். “தேர் வேணாம் மேடம், பாட்டில் படம் போதும். வாசகிகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ‘தேவையான பொருள்கள்’ மட்டும் எழுதி அனுப்பிடுங்க.”

தேவையான பொருள்கள்: காலி பாட்டில் ஒன்று. அதை யார் காலி செய்வது என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்.

5

போதும், என்னால் ஆகாது. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

இதோ, அந்தக் கூடத்தில் நிற்கிறீர்கள். தேருக்குச் சிவப்பு தீட்டிக்கொண்டே சுமலதா உங்கள் முகத்தைப் பார்க்கிறாள். தேர் பிடித்திருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். பாட்டில்தான் பிடித்திருக்கிறது என்றால் தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். கோபிநாத் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.