அரைப் படி மேலே

1

இந்தக் கதை என் வாய் திறந்திருந்தபோது கிடைத்தது. பல் டாக்டர் என் கடைவாய்ப் பல்லை அடைத்துக்கொண்டே சொன்னார். குறுக்குக் கேள்வி கேட்க வழியில்லை. ஆகவே கீழே பிசகு இருந்தால் பாதி அவருடையது, பாதி மரத்துப்போன என் நாக்கினுடையது.

2

முதல் தொடக்கம்: ‘மனைவி இறந்தபின் அந்த வீட்டில் இசை...’ வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடியிருக்கிறேன்.

இரண்டாவது வரைவில் டாக்டரின் மனைவியை உயிரோடு வைத்துப் பார்த்தேன். எல்லோரும் சௌக்கியமாக இருந்தார்கள். கதைதான் படுத்துவிட்டது. (மன்னியுங்கள், அம்மா. தொழில் அப்படி.)

3

விஷயம் இதுதான். மனைவி கீபோர்டு வாசிப்பார், கூடவே பாடுவார்; மகள் வயலின். அம்மா போனபின் மகள் வயலின் பெட்டியைத் திறக்கவேயில்லை. வேறு ஊரில் வேலை, போனில் “சாப்பிட்டியா?”, “ம்” அளவில் பேச்சு. டாக்டர் அந்தக் கீபோர்டைத் துடைத்து, யாருக்கும் சொல்லாமல் கற்கத் தொடங்கினார். கட்டைகளில் சி, டி, இ என்று ஸ்டிக்கர் ஒட்டினார். இ-க்கும் எஃப்-க்கும் நடுவே கருப்புக் கட்டை இல்லாததைப் பார்த்து, விழுந்த பல் என்றே முதலில் நினைத்தாராம்.

பிறகுதான் புரிந்தது: தனிச் சுரத்துக்குக் குணம் கிடையாது, இடைவெளிக்குத்தான் உண்டு. ஒரு கட்டையிலிருந்து, கருப்போ வெள்ளையோ, அடுத்த கட்டைக்கு உள்ள தூரம் அரைப் படி. இரண்டு சுரங்கள் நான்கு அரைப் படி தள்ளி இருந்தால் சிரிப்பு, மூன்று என்றால் முகவாட்டம், ஏழு என்றால் சம்பந்திகளைப் போல மரியாதை. ஒட்டி உட்கார்ந்தால்? கிட்ட இருந்தால் முட்டப் பகை. (உவமைகள் என்னுடையவை. டாக்டர் ‘இடைவெளி’ என்று மட்டும் சொன்னார், அதையும் என் பல்லைப் பார்த்து.)

4

மகள் வந்தாள். அப்பா கீபோர்டின் முன் உட்கார்ந்ததைப் பார்த்து வயலின் பெட்டியைத் திறந்தாள். ஒரே ஒரு பாட்டு, என்றாள். இருவரும் சி-யில் தொடங்கினார்கள். கர்ணகடூரம்.

“என்னப்பா வாசிக்கிறீங்க?”

“சி தாம்மா. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன் பாரு.”

“ஸ்டிக்கர் சரி. சத்தம்தான் சரியில்ல.”

“தனியா வாசிச்சப்போ நல்லாத்தான் இருந்துச்சு.”

“தனியா இருந்தா எல்லாருமே நல்லாத்தான்ப்பா இருப்பாங்க.”

குனிந்து கீபோர்டின் சின்னத் திரையைப் பார்த்தாள். கருவி முழுவதும் அரைப் படி ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. அணைத்தாலும் மறக்காத ரகம். எல்லாச் சுரங்களும் சேர்ந்தே ஏறியதால் அவற்றுக்குள் உறவு எதுவும் கெடவில்லை; அதனால் இத்தனை நாள் அவருக்குத் தெரியவில்லை.

“அம்மா தனியாப் பாடறப்போ குரலுக்காக இப்படி ஏத்திக்குவாங்க. என்கூட வாசிக்கறப்போ இறக்கிடுவாங்க.”

அப்படியானால் கடைசியாக அம்மா தனியாகத்தான் பாடியிருக்கிறார். அது இருவருக்கும் ஒரே நொடியில்... இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.

5

முடிவு அ: அப்பா பொத்தானை அழுத்தி இறக்குகிறார். பாட்டு சேர்கிறது, அம்மா வைத்துவிட்டுப் போன கடைசி ஏற்பாடு போய்விடுகிறது.

முடிவு ஆ: மகள் அரைப் படி ஏறி வாசிக்கிறாள். வயலினில் அது விரலை முறிக்கிற வேலை. இரண்டாம் வரியில் தடுக்கினால் பெட்டியை மூடிவிடுவாள். மறுபடி திறப்பாளா தெரியாது.

முடிவு இ-யை எழுதும்போது நான் அழுதுவிட்டேன். மோசமான எழுத்து என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம், கிழித்தாயிற்று.

நடந்ததை டாக்டர் சொன்னார்தான். மெஷின் சத்தத்தில் காதில் விழவில்லை. மறுபடி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மகளின் வில் தந்தியின் மேல் இருக்கிறது. அப்பாவின் விரல் பொத்தானின் மேல்.

“நீ சொல்லும்மா.”

“நீங்க சொல்லுங்கப்பா.”

யாராவது ஒருவர் நகர்ந்தாக வேண்டும். எனக்கு இருவரையும் நகர்த்த மனம் வரவில்லை. நீங்கள் நகர்த்துவதானால், கொஞ்சம் மெதுவாக.