ஊதாத் தங்கம்

வெட்டினால் உடைந்துவிடும் என்று சொன்னால் போதும். பொய்யும் இல்லை. எழுந்து போய்விடுவார்.

தங்கையின் கணவர் என் பட்டறை மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அவளுடைய ஊதா நிற மோதிரம் என் உள்ளங்கையில் இருந்தது.

"கொஞ்சம் சின்னதாக்கணும்க்கா. அவ விரல் ரொம்ப ஒல்லி."

அவர் அடுத்துக் கட்டிக்கொள்ளப் போகிறவளின் விரல். எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தங்கை இறந்த அன்று அழுகையும் இப்படித்தான் வராமல் போனது. ஆஸ்பத்திரியில் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தபோது, எங்காவது விரிசல் இருக்கிறதா என்றுதான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இது மத்த தங்கம் மாதிரி இல்ல தம்பி. நாலு பங்கு தங்கம், ஒரு பங்கு அலுமினியம். தனித்தனியா இருந்தா ரெண்டும் சுத்தியலுக்கு வளைஞ்சு கொடுக்கும். சேர்ந்துட்டா கண்ணாடிதான். வெட்டினா தெறிச்சிடும்."

"அலுமினியமா!" என்றார். "நல்லவேளை, கட்டிக்கப் போறவளுக்கு இது தெரியாது."

பக்கத்து மேசையில் மெருகு போடுகிற அக்கா திரும்பாமலே சொன்னாள். "ஊதாதான் வேணும்னா ஒரு கத்திரிக்காயை மாட்டிக்கச் சொல்லுங்க. உடைஞ்சாலும் குழம்புக்கு ஆகும்."

இதை எல்லோரும் சின்னக் கல்லாகச் செதுக்கி, மஞ்சள் தங்கத்தில் பதிப்பார்கள். தங்கைதான் கேட்கவில்லை. "முழு வளையமா பண்ணு. பெரிய கைகாரின்னு பீத்திக்கிறியே?" வார்த்ததெல்லாம் ஆறும்போதே விரிசல் விட்டது. கடைசியாக ஒன்று நின்றது. அதை அவள் கண்ணாடி வளையல் போலப் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப உருக்கிடுங்களேன்க்கா. புதுசா ஊத்தினா சின்னதா வராதா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. உருகும். அலுமினியம் எரிந்து குறையாமல் பார்த்துக்கொண்டால் நிறமும் அப்படியே வரும். அதற்கான காற்றுப் புகாத உலை எங்கள் பட்டறையில்தான் இருக்கிறது. வராது என்று நான் சொன்னால், சரிபார்த்துச் சொல்ல இங்கே வேறு ஆள் இல்லை.

"வரும்," என்றேன்.

"அப்புறம் என்ன?"

"நான் செய்யல தம்பி."

மெருகுச் சக்கரம் நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். "கோபமாக்கா?"

"இல்ல." இருந்திருந்தால் சொல்வது எளிதாக இருந்திருக்கும்.

மோதிரத்தைப் பஞ்சில் வைத்து, டப்பாவை மூடி, அவர் பக்கம் நகர்த்தினேன்.

"அவங்க விரல் அளவை அனுப்புங்க, மஞ்சள்ல நல்லதா ஒண்ணு செஞ்சு தரேன். இத நான் உருக்கமாட்டேன்."