கம்ப்யூட்டருக்கு ஒரு சட்டை

திரையில் மிதுனாவின் முகம் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. லண்டனில் இருக்கும் அந்தப் பிள்ளை, என் மனைவி ஜீவராணியிடம் ஸூம் வழியாகப் பிளவுஸ் தைக்கப் பழகுகிறாள். ஒன்பது பேரோடு தொடங்கிய வகுப்பு. ஒரு மாதமாகக் கம்ப்யூட்டர் படுத்துகிற பாட்டில் ஐந்து பேர்தான் மிச்சம்.

"அடுத்த சனியும் இப்பிடியெண்டா வகுப்பை நிப்பாட்டிடுவன்" என்றாள் ஜீவராணி. அழவில்லை, நூலைச் சுற்றி வைத்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வாரம் முழுக்கத் துப்பறிந்தேன். பழைய படங்களை அழித்தேன். வைரஸ் தேடினேன். இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் எடுத்துச் சிங்களத்தில் சண்டையும் பிடித்தேன். கம்ப்யூட்டரோ பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும், பிறகு இழுக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் கீழ்வீட்டு அம்னாவைக் கூப்பிட்டேன். வங்கியொன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை செய்பவள். வந்தவள் கீபோர்டைத் தொடவேயில்லை. மேசைக்குக் கீழே குனிந்தாள்.

"இதென்ன அங்கிள்?"

"சட்டை" என்றேன், பெருமையாக.

கொழும்பில், வெள்ளவத்தையில் கடலோரம் குடியிருப்பவர்களுக்கு விளங்கும். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது, கதவுப் பூட்டு முதல் கத்தரிக்கோல் வரை துருதான். அதனால் எங்கள் வீட்டில் டிவிக்கும் மிக்ஸிக்கும் ரிமோட்டுக்கும்கூட ஜீவராணி தைத்த சட்டை உண்டு. போன மாதம் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் ஒன்று தைத்தாள். உள்ளே ரெக்ஸின், வெளியே பூத்துணி, விளிம்பில் சுருக்கு வேறு.

அம்னா உள்ளே கையை விட்டு, உடனே இழுத்துக்கொண்டாள்.

"நெருப்பாச் சுடுது. காத்துப் போற ஓட்டயெல்லாம் மூடி இரிக்கி அன்ட்டி. சூடு கூடினா எரிஞ்சி போகாம இருக்க, அது தானா வேகத்தக் கொறச்சிக்கும்."

ஜீவராணி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவள் சிரிக்கத் தொடங்கினாள், கதிரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "நான்தான் மூச்சடைக்க வச்சிருக்கிறன். இந்த மனுசன் அந்தக் கம்பெனிக்காரரை எவ்வளவு ஏசினவர்!"

ஐந்து மணிக்கு வகுப்பு. கழற்றிய சட்டையை அவள் கமராவுக்கு முன்னால் விரித்தாள்.

"இண்டைக்குப் பிளவுஸ் இல்லைப் பிள்ளையள். ஒரு சட்டைக்கு ஜன்னல் வெட்டிறது எப்பிடியெண்டு பாப்பம்."

கதை முழுவதையும் சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை ரெக்ஸினில் இறக்கினாள். பத்து நிமிடம் தாண்டியது. பதினைந்தும் தாண்டியது.

மிதுனா வாயைத் திறந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள், தலையை ஆட்டினாள், கண்ணைத் துடைத்தாள், திரும்பவும் சிரித்தாள்.