அமியானுக்கு இரண்டு நாள்

தெசிரே பிரம்புக் கூடையின் மூடியைத் திறந்ததும் புறாக்கள் படபடவென்று மேலே எழுந்தன. குழி வெட்டியவர்கள்கூட மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள். பந்தயப் புறா வளர்த்த மனிதருக்கு இந்த ஊர் செய்யும் கடைசி மரியாதை அது. அப்பா ஃபெர்னானின் சவப்பெட்டி இறங்கும்போது வராத அழுகை மரீஸுக்கு இப்போது வந்தது.

அவள் அம்மா லெயோந்தீன் அழவில்லை.

"தெசிரே, அது யாரோட புறா?"

"ஃபெர்னானோடதுதான். வேற யாரோடத விடுவேன்?"

"நேத்துதானே மொத்தத்தையும் உன் தலையில கட்டினேன்! இப்ப எங்க போகும்? என் வீட்டுக்குத்தானே?"

தெசிரே கூடையைப் பார்த்தார். புறா பழகிய கூட்டுக்குத்தான் திரும்பும் என்பது புறாச் சங்கத் தலைவருக்குத் தெரியாதா என்ன? மரியாதை செய்கிற வேகத்தில் மனிதருக்கு அது மறந்துவிட்டது.

"நான் வந்து புடிச்சிக்கிறேன்."

"நீ டப்பாவக் குலுக்கிக் கூப்பிட்டா இறங்குமா? இருட்டுற வரைக்கும் வெளிய நின்னா பூனை மிச்சம் வெக்காது. நான் ரயிலுக்குப் போகணும்."

"இன்னிக்கேவா?" என்றாள் அத்தை ஜில்பெர்த். "மண்ணு இன்னும் காயலயே, லெயோந்தீன்."

ஃபெர்னான் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டை விட்டு நகர்ந்ததே கிடையாது. பந்தயப் புறா எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்தே கல்யாண வாழ்க்கையைக் கழித்தவர். படுக்கையில் விழுந்த பிறகுதான், அமியான் நகரத்துக்கு இரண்டு நாள் போய் வரலாம் என்று ஆரம்பித்தார். அராஸில் வண்டி மாறுவது, தேவாலயத்துக்குப் பக்கத்தில் தங்குவது, ஆற்றோரம் சாப்பிடுவது என்று தினமும் அதே பேச்சு. டாக்டர் கையை விரித்த பிறகும் பேசினார். "மாடி ரூம் வேணாம், உங்களுக்கு மூச்சு வாங்கும்" என்று லெயோந்தீனும் சளைக்காமல் பதில் சொன்னாள். யாரை யார் ஏமாற்றுகிறார்கள் என்று மரீஸுக்கு எரிச்சலாக இருக்கும். அந்தப் பயணத்துக்கு அவர்கள் குறித்த நாள் இன்றுதான்.

வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்கள் காபியும் பிரியோஷ் ரொட்டியும் முடித்துக் கிளம்பினார்கள். புறாக்கள் அவர்களுக்கு முன்பே வந்து கூரை விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. லெயோந்தீன் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு பையோடு முற்றத்துக்கு வந்தாள். கூரையைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"போகட்டும். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

மரீஸ் சின்ன வயதிலிருந்து கேட்ட குரல் அது. கடற்கரைக்குப் போகாத ஞாயிறுகளில், சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாத ஞாயிறில், இதே குரல்தான். அவள் கையை நீட்டினாள்.

"தானிய டப்பாவ என்கிட்ட குடும்மா."

"உனக்கு இறங்காதுடி. பழகின ஆளு வேணும்."

"பசிச்சா இறங்கும். அது வரைக்கும் நிக்கிறேன். நீ கிளம்பு."

"நான் ஒருத்தியாவா?"

"ஒருத்தியாத்தான்."

லெயோந்தீன் கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டினாள்.

"மெதுவாக் குலுக்கு. வேகமாக் குலுக்கினா மிரளும்."

பையை எடுத்துக்கொண்டு போனவள் தெருமுனையில் திரும்பிப் பார்க்கவில்லை.

மரீஸ் துக்க உடையோடு ஏணியில் ஏறிக் கூட்டுக் கதவைத் திறந்து வைத்தாள். டப்பாவைக் குலுக்கினாள். புறாக்கள் கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தன, நகரவில்லை. ஸ்டேஷன் பக்கம் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டுத் தேய்ந்தது. அவள் கண்ணைக் கூரையிலிருந்து எடுக்காமல் மறுபடி குலுக்கினாள்.